நாற்காலிக்கு எதற்கு நிழல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாற்காலி, அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டம் போன்றவற்றுக்காக மையிலும் வாஷிலும் (தண்ணீர் கலந்து நீர்த்த மைப் பூச்சு) வரையப்பட்ட வடிவமைப்புப் படங்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒருவர் "நாற்காலி படத்துக்கெல்லாம் ஒரு கட்டுரையா சார்?" என்றும் கேட்டிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் இல்லை, கீழே உள்ளதைப் படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

கேள்வி: ஒரு பழைய நாற்காலிப் படத்தில் இடது கால் வளைந்து சுருண்டு முடிகிறது, வலது கால் நேராகச் சதுரமாக நிற்கிறது. கைப்பிடியும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வரைந்தவர் பாதியில் மனம் மாறிவிட்டாரா, இல்லை, கோணல் நாற்காலிதான் அந்தக் கால ஃபேஷனா?

இரண்டும் இல்லை. அந்தத் தாளில் இருப்பது இரண்டு நாற்காலிகள். நாற்காலியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டால் இடதும் வலதும் ஒன்றுதானே, ஒரு பாதியை வரைந்தாலே மறுபாதி எப்படி இருக்கும் என்று தச்சருக்குத் தெரியும், அப்புறம் எதற்கு அதையே திரும்ப வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டும்? அந்த இடத்தில் வேறொரு மாதிரியைப் போட்டுவிட்டால் வாங்க வந்தவர் "இந்தக் கால், அந்தக் கைப்பிடி" என்று விரலை வைத்துக் காட்டிவிடுவார். லண்டனில் தாமஸ் சிப்பெண்டேல் என்ற தச்சர் 1754இல் வெளியிட்ட வடிவமைப்புப் புத்தகத்தில் பல நாற்காலிகளுக்கு முன்கால்கள் இரண்டும் இரண்டு விதம். தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டிருப்பதாக அவரே விளக்கமும் எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, படத்தின் நடுக்கோட்டில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். பாதி நாற்காலி முழு நாற்காலியாகிவிடும். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தால் அடுத்த நாற்காலி. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் இந்த வித்தை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. ரொக்கோகோ என்ற, சுருளும் சிப்பியுமாக அலங்காரம் மிகுந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணிக்காரர்கள் வேண்டுமென்றே இடதும் வலதும் ஒத்துப்போகாமல் வரைந்தார்கள். டூரினில் பிறந்து பாரிஸில் பெயர் வாங்கிய மெய்சொனியே (1695–1750) இதில் பெரிய கை. அவர் பாணியில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்து, இடப்பக்கம் ஒரு சுருளும் வலப்பக்கம் வேறு சுருளும் தெரிந்தால், அது இரண்டு யோசனைகளா, அல்லது கோணலான ஒரே யோசனையா? நான் முதலில் சட்டத்தின் உச்சியைப் பார்ப்பேன். அங்கே இருக்கும் சிப்பியோ இலையோ நடுக்கோட்டை இயல்பாகத் தாண்டி அடுத்த பக்கத்துக்கு ஓடினால் பெரும்பாலும் ஒரே வடிவம், நடுக்கோட்டில் கத்தி வைத்து வெட்டியதுபோல நின்றால் இரண்டு. இதற்கும் அடங்காத படங்கள் உண்டு, அவற்றைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

கேள்வி: வாஷ் என்பது வாட்டர்கலர்தானே? ஏன் தனிப் பெயர்?

செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் கலந்து நீர்த்த மையை பிரஷால் பரப்பினால் வாஷ். ஒரே நிறம், அதன் வெளிறல் கருமையை மட்டும் வைத்து வேலை. வாட்டர்கலர் என்றால் பல நிறம், படத்தையே நிறத்தால் கட்டுவது. நாற்காலி வரைபவருக்குப் பொதுவாக நிறம் தேவைப்படாது, மரம் எப்படியும் பழுப்புதான். அவருக்கு வேண்டியது மேடு எது, பள்ளம் எது என்பதுதான்.

நிறம் கட்டாயம் வேண்டியிருந்த இடங்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் அலுவலகத்திலிருந்து வந்த மேஜை, கூரை, சுவர் அலங்காரப் படங்களில் இளம்பச்சையும் ரோஜா நிறமும் வரும், ஏனென்றால் அந்தப் பொருள்களே வண்ணம் பூசப்பட்டவை. அந்த அலுவலகத்தின் சுமார் 8,000 படங்களைக் கட்டடக் கலைஞர் ஜான் சோன் 1833இல் வாங்கினார், லண்டனில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அத்தனையையும் ஆடமே வரைந்தார் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலானவை அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த வரைவாளர்களின் கைவேலை.

கேள்வி: சும்மா நாற்காலியை வரைந்தால் போதாதா? கோடு தெளிவாக இருக்கும்போது நிழல் எதற்கு? அழகுக்கா?

அழகுக்கும்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அழகு இரண்டாவது. கோடு எல்லையை மட்டும்தான் சொல்லும். ஒரு அலமாரிக் கதவில் நீள்சதுரத்துக்குள் இன்னொரு நீள்சதுரம் வரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பலகையைவிட உயர்ந்து நிற்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா, சமமாக ஒட்டிய வெனீரா (மெல்லிய மரத்தகடு)? கோட்டை எவ்வளவு நேரம் முறைத்தாலும் பதில் வராது. இப்போது உள் சதுரத்தின் வலது விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வெளியே மெல்லிய கருமை ஒரு பட்டையாக ஓடட்டும். சதுரம் உடனே பலகையிலிருந்து எழுந்து நிற்கும். அதே கருமையை உள்ளே, இடது விளிம்பையும் மேல் விளிம்பையும் ஒட்டிப் போட்டால் குழிந்துவிடும். கோடு ஒரு துளியும் மாறவில்லை.

இது நடப்பதற்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: வெளிச்சம் எப்போதும் மேலே இடப்பக்கத்திலிருந்து வரும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் ஐரோப்பிய வரைபடங்களில் பெரும்பாலும் அப்படித்தான். வலக்கைக்காரர் மேஜையை ஜன்னலுக்கு வலப்பக்கம் போட்டுக்கொள்வார், இல்லாவிட்டால் அவர் கையின் நிழலே கோட்டின் மேல் விழும், அதே வெளிச்சம் படத்துக்குள்ளும் வந்துவிட்டது. கறாராக வரையப்பட்ட படங்களில் இன்னொரு படி மேலே போய், ஒளி 45 பாகையில் சாய்ந்து வருவதாக வைத்துக்கொள்வார்கள். இதில் ஒரு அழகான வசதி இருக்கிறது. ஒரு பட்டை சுவரிலிருந்து எவ்வளவு முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதன் நிழலின் அகலமும் அவ்வளவே இருக்கும். அதாவது கவராயத்தை வைத்து நிழலை அளந்தால் நீட்டலின் ஆழம் கிடைத்துவிடும். முன்பக்கத் தோற்றம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பக்கவாட்டு அளவையும் படித்துவிடலாம்.

நாற்காலி, கண்ணாடிச் சட்டம் வரைந்தவர்கள் எல்லோரும் அவ்வளவு கறாராக இருக்கவில்லை, கண் மதிப்பில் போட்டவர்கள்தான் அதிகம். செதுக்குபவருக்கு அதுவே போதும். இலைநரம்பின் ஓரத்தில் கருமை அடர்ந்திருந்தால் உளியை ஆழமாக இறக்கு, வெளிறியிருந்தால் மேலோடு தடவிவிட்டுப் போ. அவருக்கு அந்தக் கருமை அலங்காரமாகத் தெரியாது, எவ்வளவு மரத்தைக் கொத்தி எடுக்க வேண்டும் என்ற கணக்காகத் தெரியும். அதே கருமை வாடிக்கையாளரிடம் வேறு வேலை பார்க்கிறது: இல்லாத பொருளை இருப்பதுபோலக் காட்டி முன்பணம் வாங்கித் தருகிறது. ஒரே சாயத்துக்கு இரண்டு வேலைகள். எனக்கு இந்தப் படங்கள் மேல் பித்துப் பிடித்ததே இதனால்தான்.

கேள்வி: நான் மை வாஷ் பழகிக்கொண்டிருக்கிறேன். கோடு நன்றாக வருகிறது. வாஷ் போட்டதும் திட்டுத்திட்டாக, ஓரத்தில் கறைவட்டத்தோடு நாசமாகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷை வைக்கிறீர்கள். வைக்காதீர்கள். முக்கால்வாசி நோய்க்கு இதுதான் மருந்து. ஈரம் குறைந்துகொண்டிருக்கும் தாளில் புதிதாகத் தண்ணீர் போய் விழுந்தால் அது அங்கே ஏற்கெனவே இருக்கும் கரித்துகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும், அதுதான் அந்த வட்டம்.

சரி, முதலிலிருந்து வருவோம். தாள் கனமாக இருக்க வேண்டும், 300 ஜிஎஸ்எம் என்றால் சிறிய படத்துக்கு அப்படியே பயன்படுத்தலாம். மெல்லிசான தாள் என்றால் நனைத்து, பலகையில் நான்கு பக்கமும் கோந்து டேப் ஒட்டி, முழுக்கக் காயவிட்டு முரசுத்தோல் மாதிரி இறுகிய பிறகு தொடுங்கள். பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு தடிமனான புத்தகத்தைச் செருகிச் சாய்வு கொடுங்கள். மைக்கட்டியை உரைத்து எடுப்பது நல்லது; உரைத்ததைக் கொஞ்சநேரம் அப்படியே விட்டு, மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுங்கள், அடியில் தங்கும் பொடிதான் படத்தில் புள்ளிப்புள்ளியாக விழுவது. நேற்று உரைத்த மையை இன்று பயன்படுத்த வேண்டாம். மூன்று கிண்ணம்: மிக வெளிறியது, நடுத்தரம், கருமை. அதே தாளின் துண்டில் போட்டுக் காயவைத்துப் பாருங்கள், ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் வெளிறும்.

பிரஷ் நிறைய மையோடு மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. சாய்வினால் அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தில் மை ஒரு கொழுத்த துளி வரிசையாகத் தொங்கி நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் துளியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், அதற்கு மேலே ஏறக் கூடாது. இப்படியே கீழே வரை. கடைசியில் மிஞ்சி நிற்கும் துளியை, பிழிந்த பிரஷின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இந்த உட்காருவதுதான் கஷ்டம். கருமை போதவில்லை என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் இன்னொரு வெளிறிய வாஷ். ஒரே தடவையில் கருப்பைக் கொட்டுவதைவிட நான்கு தடவை வெளிறியதை ஏற்றுவது எப்போதும் மேல்.

உருண்டையான காலுக்கு ஒரு குறிப்பு. கருமையைக் கொண்டுபோய் வலது விளிம்பில் முட்டவைத்து விடாதீர்கள். மிகக் கருமையான இடம் விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கட்டும், விளிம்பை ஒட்டி ஒரு நூல் அளவு வெளிறட்டும். பக்கத்துப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அங்கே விழும். இந்த ஒரு நூல் இல்லாவிட்டால் கால் உருளாது, இருட்டில் வெட்டிய அட்டை மாதிரி நிற்கும்.

இன்னொன்று, கோட்டுக்கு நீங்கள் என்ன மை பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. காய்ந்தபின் நீரில் கரையாத மையாக இருக்க வேண்டும். நான் பழகிய காலத்தில் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சாய்மானத்தின் பின்னல் வேலையைச் சாதாரண ஃபவுண்டன் பேனா மையால் இழைத்து இழைத்துப் போட்டேன். வாஷ் தொட்ட அடுத்த நொடி அத்தனையும் நீலமாகக் கரைந்து தரையில் இறங்கியது. தாளை இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

கேள்வி: பழைய படங்கள் பழுப்பாகவே இருக்கின்றனவே, அப்போது கறுப்பு மை இல்லையா?

இருந்தது. பழுப்புக்குப் பல காரணங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு.

பேனாக்கோடு பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்றுப் படப்படக் கறுக்கும். பேனாவிலிருந்து இறங்கும்போது வெளிறித்தான் இருக்கும். வரைந்த காலத்தில் அது நல்ல கருப்பு. நூற்றாண்டுகள் போகப்போகப் பழுப்பாகிவிட்டது. அதோடு விட்டால் பரவாயில்லை, அதில் இருக்கும் அமிலமும் இரும்பும் தாளையே அரிக்கும். சில படங்களில் கோடு இருந்த இடம் பொடிந்து, பிளேடால் கீறியதுபோலத் திறந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

இரண்டாவது பிஸ்டர். பீச் (beech) மரத்தை எரித்துக் கிடைக்கும் புகைக்கரியிலிருந்து எடுப்பது, பிறக்கும்போதே பழுப்பு. மூன்றாவது செபியா, கணவாய் மீனின் மை. பழுப்பாகத் தெரிவதையெல்லாம் செபியா என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையான செபியா வரைவதற்குப் பரவலாகப் புழங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான், ஆகவே அதற்கு வெகுமுன்னால் வரைந்த படத்துக்குக் கீழே "செபியா" என்று போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். சாம்பல் நிறமாகவே இன்றும் நிற்கும் வாஷ் கரி மை, விளக்குக்கரியைப் பசையில் குழைத்தது. கரிக்கு வயதே ஆவதில்லை. அதனால்தான் ஒரே படத்தில் கோடு பழுப்பாகவும் நிழல் சாம்பலாகவும் இருப்பதைப் பார்த்து "இரண்டு பேர் வரைந்ததோ" என்று அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: சிப்பெண்டேல் தச்சர்தானே, அவருக்கு வரையத் தெரியாது, யாரோ வரைந்ததை அவர் பெயரில் போட்டுக்கொண்டார் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

உங்கள் நண்பர் 1920களில் நிற்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1920இல் சிப்பெண்டேல் படத்தொகுப்புகளை வாங்கியது. அதில் புத்தகத்துக்காக வரைந்த மூலப் படங்கள் நிறைய. அந்தப் பத்தாண்டின் இறுதியில் இரண்டு ஆய்வாளர்கள், இவ்வளவு சரளமான கை ஒரு தச்சருக்கு வராது, மத்தியாஸ் லாக் போன்ற செதுக்குக் கலைஞர்கள்தான் வரைந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். லாக் அபாரமான வரைவாளர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலோர் புத்தகப் படங்களை சிப்பெண்டேலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த முதல் வாதத்தின் அடியிலேயே ஒரு குசும்பு தெரிகிறது. தச்சருக்கு வரையத் தெரியாது என்பதை எங்கிருந்து எடுத்தார்கள்? யார்க்‌ஷயரின் ஓட்லியில் 1718இல் பிறந்த ஒரு மரவேலைக் குடும்பத்துப் பையன் லண்டனுக்கு வந்து, 160 செப்புத்தகடுகளோடு ஒரு பெரிய புத்தகம் போட்டு, 1762இல் அதை 200 தகடுகளாகப் பெருக்கியிருக்கிறார் என்றால், கையில் பென்சில் பிடிக்கத் தெரியாமலா?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தாமஸ் ஷெராட்டன் என்ற ஆங்கில மரச்சாமான் வடிவமைப்பாளர் 1790களில் வெளியிட்ட படங்களுக்கு உலகமே மயங்கியது, ஒரு பாணிக்கே அவர் பெயர். ஆனால் அவர் கையால் செய்தது என்று உறுதியாகச் சொல்ல ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அவர் புத்தகத்தில் பாதி வடிவியலும் தூரக்காட்சிப் (பெர்ஸ்பெக்டிவ்) பாடமும்தான்.

கேள்வி: சில புத்தகங்களில் நிழலே இல்லாமல் வெறும் கோடாக இருக்கிறதே? அவர்கள் சோம்பேறிகளா?

அது பின்னால் வந்த ரசனை. பாரிஸில் பெர்சியே, ஃபோன்டேன் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும், லண்டனில் 1807இல் தாமஸ் ஹோப் என்ற வடிவமைப்பாளரும் வெளியிட்ட மரச்சாமான் படங்கள் மெல்லிய கோட்டிலேயே நிற்கும். பழங்கால கிரேக்க ஜாடிகளில் இருக்கும் உருவங்களின் சுத்தமான விளிம்பு அப்போது பெரிய மோகம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செதுக்குபவர் கையில் கொடுத்தால் "எவ்வளவு ஆழம்?" என்று கேட்பார், கேட்காமல் இருந்தால்தான் கவலை.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் அலமாரி படம் ஒன்று கிடைத்தது. கையால் வரைந்ததா அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே சின்ன எழுத்தில் இரண்டு பக்கமும் ஏதோ பெயர்கள், ஒன்றின் பின்னால் "ஸ்கல்ப்" என்று இருக்கிறது.

அந்தச் "ஸ்கல்ப்" பாதி விடையைச் சொல்லிவிட்டது. லத்தீனில் "செதுக்கினார்" என்பதன் சுருக்கம், அதாவது செப்புத்தகட்டில் வெட்டியவரின் பெயர். "இன்வ்" என்றால் யோசித்தவர், "டெலின்" என்றால் வரைந்தவர். இவை இருந்தால் நீங்கள் வைத்திருப்பது அச்சு. ஆனால் பழைய அச்சா, பிற்காலத்தில் அதைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டதா என்பது தனிக் கேள்வி.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பகுதிகள் ஒழுங்கான குட்டிப் புள்ளிகளாகப் பிரிந்தால் பிற்காலப் புத்தக அச்சு, கதை முடிந்தது. நெருக்கமான இணைகோடுகளாகப் பிரிந்தால் செப்புத்தகடு. அந்த வெட்டுவேலைக்காரர்களுக்கு வாஷைத் தகட்டில் கொண்டுவர வழியில்லை, ஒவ்வொரு நிழலையும் கோடு கோடாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. (வாஷைப் போலவே சாயம் விழும் அக்வாடின்ட் முறை 1760களில் பிரான்ஸில் கைகூடிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதில் புள்ளிகள் தெரியும், ஆனால் ஒழுங்கில்லாமல் மண் தூவியதுபோல இருக்கும்.) படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் அழுந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தகட்டின் விளிம்பு ஈரத்தாளில் பதிந்த தடம் அது.

கையால் வரைந்தது என்றால் அடையாளங்கள் வேறு: மைக்கோட்டுக்கு அடியில் சரியாகப் பொருந்தாமல் நழுவிப்போன பென்சில் கோடு, கவராயத்தின் ஊசித் துளை, பேனாவில் மை தீர்ந்து மறுபடி தொட்ட இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு, வாஷ் கோட்டைத் தாண்டி வழிந்த இடம். சில படங்களில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் மேலேயே முனையால் அழுத்தி ஓட்டிய பள்ளம் தெரியும். பின்பக்கம் சாக்பீஸ் தூளைத் தடவித் தகட்டின் மேல் வைத்து அழுத்திப் பிரதி எடுத்த தடம். அப்படிச் செய்தால் அச்சில் படம் இடவலமாகத் திரும்பிவிடும், வெளிச்சமும் வலப்பக்கத்துக்குப் போய்விடும். அதைத் தவிர்க்கப் படத்தைக் குப்புற வைத்துப் பதிப்பார்கள், அல்லது கண்ணாடியில் பார்த்து வெட்டுவார்கள்.

கேள்வி: அதை லேமினேட் செய்து சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாமா? (முந்தைய கேள்வியின் தொடர்ச்சியாக அவரே எழுதியது.)

ஐயோ, வேண்டாம். லேமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி அங்கேயே குடியிருக்கும். அமிலமில்லாத அட்டையில் வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் மவுண்ட் கொடுத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்களில் இம்மாதிரித் தாள்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கலான ஒளிதான் கொடுக்கிறார்கள், அதுவும் சில மாதங்களுக்கு. பிறகு பெட்டிக்குள் ஓய்வு. தாத்தா பெட்டியில் வைத்திருந்தார் என்கிறீர்கள், விவரமானவர்தான்.

கேள்வி: நான் மரவேலை செய்பவன். இப்படி ஒரு பழைய படத்தை வைத்து அப்படியே ஒரு நாற்காலி செய்ய முடியுமா?

முடியும், ஆனால் "அப்படியே" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். படத்தில் அடிக்கோல் போல அளவுகோல் ஒன்று கீழே இருக்கும், அதிலிருந்து உயரமும் அகலமும் எடுத்துவிடலாம். நிழலிலிருந்து செதுக்கலின் ஆழத்தை ஊகித்துவிடலாம். இணைப்புகள் எங்கே, கழுந்து (துளைக்குள் செருகும் முனை) எவ்வளவு, பின்கால் எந்தக் கோணத்தில் சாய்கிறது, இருக்கைச் சட்டம் பின்னால் எவ்வளவு குறுகுகிறது, இவையெல்லாம் படத்தில் இருக்காது. அந்தக் காலப் பட்டறையில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. நாற்காலிப் படங்களில் இன்னொரு ஆபத்து: முன்பக்கம் நேர்த்தோற்றமாகவும் இருக்கை மட்டும் மேலிருந்து பார்த்ததுபோலவும் வரைந்திருப்பார்கள். அழகாக இருக்கும், அளவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் ஒட்டுப்பலகையில் முழு அளவுக்கு வரைந்துகொள்வது. பின்கால்களுக்கும் கைப்பிடிக்கும் அதே வடிவில் மாதிரித் தகடு வெட்டிக்கொள்ளுங்கள். அலங்கார இலை ஒன்றை மட்டும் மலிவான மரத்துண்டில் செதுக்கி, அறை விளக்கை அணைத்துவிட்டு, இடப்பக்கம் மேலே ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். விழும் நிழல் படத்தில் இருக்கும் வாஷோடு ஒத்துப்போனால் ஆழம் சரி. நிழல் மெலிந்திருந்தால் இன்னும் இறக்க வேண்டும்.

செலவுக் கணக்கும் படமும் சேர்ந்து இருக்கும் தாள்களைப் பார்க்க ஆசை என்றால் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் இருந்த கில்லோ மரச்சாமான் பட்டறையின் ஏடுகளைத் தேடுங்கள். 1784இலிருந்து தொடங்கும் அவர்களுடைய மதிப்பீட்டு ஏடுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்னப் படம், பக்கத்திலேயே மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, செய்தவர் யார் என்று கணக்கு. அலங்கார வாஷின் பகட்டு அதில் கிடையாது. உங்களுக்கு சிப்பெண்டேலைவிட அவைதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

கேள்வி: கம்ப்யூட்டரில் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் காலத்தில் யாராவது இன்னும் இப்படிக் கையால் வரைகிறார்களா?

வரைகிறார்கள், நானும் வரைகிறேன். ஆர்டர் உறுதியானபின் கம்ப்யூட்டர் படம் போடுவதுதான் எனக்கும் சௌகரியம், அளவில் பிழை வராது. ஆனால் முதல் சந்திப்பில் திரையில் பளபளவென்று முடிந்த நாற்காலியைக் காட்டினால் வந்தவர் மரத்தின் நிறத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். ஈரம் காயாத வாஷோடு ஒரு தாளை நீட்டிப் பாருங்கள், "இந்தக் கைப்பிடி இன்னும் கொஞ்சம் வளையலாமே" என்று பென்சிலைக் கேட்பார். போன மாதம் ஒரு அம்மா அப்படிக் கேட்டு வாங்கி, என் படத்தின் வலது பாதி முழுவதையும் அடித்துவிட்டு, தானே வேறொரு காலை வரைந்து கொடுத்தார். அந்தக் காலைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.